பாதி முகம் அவளுடையது



சென்ற மாதம் கிளிநொச்சியில் ஓர் அழகுக்கலை நிலையத்தில் அரை நாள் இருந்தேன். பெரிய கடை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தை மறைத்து எடுத்த அறை. ஒரு கண்ணாடி, இரண்டு கதிரை, ஒரு மேசைவிசிறி. நடத்துபவர் எனக்கு நெடுநாளாகத் தெரிந்த அக்கா. 2009 இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர். சுயதொழிற் பயிற்சிக்குப் பெயர் பதிந்தபோது, "தையலை எல்லாரும் எடுக்கினம், நான் இதை எடுக்கிறன்" என்று இந்தத் தொழிலுக்கு வந்தார்.

நல்ல கைவேலைக்காரி. ஆனாலும் வருமானம் சீராக இல்லை. இந்தத் தொழிலில் கையில் காசு தங்குவது மணப்பெண் அலங்காரத்தில்தான். அதற்குத்தான் சில வீடுகளில் இவரைக் கூப்பிடுவதில்லை. கணவனை இழந்தவளின் கை கல்யாணப் பெண்ணின் முகத்தில் படலாமா என்பது அவர்களுடைய யோசனை. நேரே சொல்லமாட்டார்கள், வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டோம் என்பார்கள். போதாததற்கு ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. 2022 நெருக்கடியோடு பொருட்களின் விலையும் ஏறியது. அந்த விலை கொடுத்து வாங்கிய கிறீம் பாவிக்காமலே காலாவதியாகிறது.

"வாற ஆக்களுக்கு மேக்கப் போடப் பழக்கி, அதுக்கும் காசு வாங்கினால் என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"நல்ல கதை! சொல்லிக் குடுத்திட்டா பிறகு ஆர் என்னட்டை வருவினம்?"

நியாயமான பயம்தான். தொழில் தெரிந்தவருக்குக் கைப்பழக்கம்தான் முதல். அதைக் கொடுத்துவிட்டு எதை விற்பது? என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பிள்ளை வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இடது கன்னத்திலிருந்து காது வரை ஒரு வடு. 2009 இல் செல் துண்டு பட்டபோது அவளுக்கு எட்டு வயது. அடுத்த கிழமை வேலைக்கான நேர்முகத் தேர்வு.

"போன முறை கேள்வி கேட்டவர் என்ரை கன்னத்தையே பாத்துக்கொண்டிருந்தவர். சேர்ட்டிபிக்கற்றைப் பாக்கவேயில்லை. இந்த முறை மேக்கப் போட்டுக்கொண்டு போகவேணும், அன்ரி. விடிய ஆறு மணி பஸ். அதுக்கு முதல் ஆர் வந்து போட்டுவிடுறது? எனக்குப் பழக்கிவிடுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டார்.

அதன்பின் அவர் செய்த ஒவ்வொன்றையும் கவனித்தேன். இதே தொழிலில் உள்ள சகோதரிகளுக்கும், அந்தக் கதிரையில் போய் அமரும் சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வடுவைப் பற்றிக் கேட்டார். முழுதாக ஆறிவிட்டதா, நோகிறதா, உள்ளே துண்டு ஏதும் இருக்கிறதா? எங்கள் பகுதியில் இது கேட்கவேண்டிய கேள்வி. உடம்பில் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அப்படி இருந்தால் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதோ, பேஷியல் செய்வதோ, ஆவி பிடிப்பதோ வைத்தியரைக் கேட்காமல் கூடாது. ஆறாத புண்ணின் மேல் எந்தப் பூச்சும் போடக்கூடாது.

பின்னால் நின்று தொடவில்லை. பக்கத்தில், அவள் பார்க்கக்கூடிய இடத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "தொடட்டோ பிள்ளை?" என்று கேட்டார். அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்பதையும் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சொன்னார். பின்பக்கமிருந்து ஒரு கை முகத்தை நோக்கி வந்தால் திடுக்கிட்டு உடம்பு இறுகிப்போகிற பெண்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஏன் என்று விசாரிக்கத் தேவையில்லை. கேட்டுவிட்டுத் தொட்டால் போதும்.

பிறகு சொன்னார்: "ஒரு பக்கத்தை நான் போடுறன். மற்றப் பக்கத்தை என்னைப் பாத்து நீர் போடும். எந்தப் பக்கம் எனக்கு?"

வடு உள்ள பக்கத்தைத்தான் அக்காவிடம் விடுவாள் என்று நினைத்தேன். அவள் வலது கன்னத்தைக் காட்டினாள்.

பாடம் இப்படிப் போனது. முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரப்பதன் தரும் கிறீம் கொஞ்சம் பூசி, ஐந்து நிமிடம் விடவேண்டும். பவுண்டேசனின் நிறத்தை மணிக்கட்டில் பார்க்கக்கூடாது. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கழுத்தோடு கலந்து காணாமற்போகிற நிறமே சரியான நிறம். ஒரு படி வெள்ளையாக எடுத்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும்.

அவளுடைய வடு கருமை படர்ந்தது. அதனால் முதலில் செம்மஞ்சள் சாயலுள்ள கன்சீலர் மிக மெல்லியதாக. அதன் மேல் தோலின் நிறத்துக்குரியது. தேய்க்காமல் விரல் நுனியால் தட்டவேண்டும். எப்படித் தட்டுவதென்று அக்கா தன் புறங்கையில் காட்ட, அவள் தன் கன்னத்தில் செய்தாள். கடைசியில் பவுடரை அழுத்தி ஒற்றுவது. எங்கள் வெயிலுக்கு எல்லாமே குறைவாகப் போட்டால்தான் பஸ்ஸால் இறங்கும்வரை நிற்கும். "நிறம்தான் மறையும், மேடு பள்ளம் மறையாது" என்பதையும் அக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். முடியாததை முடியும் என்று சொல்லிக் காசு வாங்குவது தொழில் அல்ல.

முதற் தடவை திட்டுத் திட்டாக வந்தது. கழுவிவிட்டு மறுபடியும். மூன்றாம் தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன. ஒன்றரை மணித்தியாலம் போயிருந்தது.

இடையில் அவள் கைப்பையிலிருந்து ஒரு கிறீம் டப்பாவை எடுத்தாள். ஏழு நாளில் வெள்ளையாக்குமாம். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. அக்கா அதைத் திருப்பிக் கொடுத்து, "இதைப் பூசாதையும்" என்றார். இப்படியான சில கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலினூடாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியானால் வயிற்றுப் பிள்ளையையும் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. ஆனாலும் கடைத்தட்டில் எது இருக்கிறது என்பதை நாங்கள்தான் பார்க்கவேண்டும். "மெர்குரி", "கலோமெல்" என்று எழுதியிருந்தாலும், எதுவுமே எழுதாமல் இருந்தாலும் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். திறந்த டப்பாவின் படமும் அதில் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பாவித்து முடிக்கவேண்டும் என்று பொருள். மற்றது, ஒருவருடைய கண் மை, மஸ்காரா இன்னொருவருக்குக் கூடாது. கண்நோய் அப்படித்தான் பரவும். லிப்ஸ்டிக்கைச் சிறு தகட்டால் வழித்தெடுத்து, கழுவிக் காயவைத்த பிரஷால் பூசுங்கள்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு அக்கா 1,500 ரூபா வாங்கினார். கேட்கக் கூச்சப்பட்டார், பிள்ளை கூச்சப்படாமல் கொடுத்தாள்.

மூன்று கிழமை கழித்து அக்கா தொலைபேசியில் பேசினார். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. "ஆனா இந்த முறை சேர்ட்டிபிக்கற்றைப் பாத்தவையாம். இன்னொரு இடத்துக்கும் போட்டிருக்கிறாள். அதுக்கு வடுவை மறைக்கிறதோ விடுறதோ எண்டு அண்டைக்கு விடிய யோசிப்பாளாம்." பயந்ததுபோல் அவள் வராமல் போகவில்லை. புருவம் சீராக்க வந்தாள். எந்தப் பவுடர் வாங்குவது என்று கேட்டு வந்தாள். பழக விருப்பமென்று மச்சாள் இருவரைக் கூட்டிவந்தாள்.

"இதிலை ஒரு நன்மை கண்டீரோ?" என்றார் அக்கா. "பழக்கிறதுக்கு ஆடி, மார்கழி இல்லை. ஆற்றை கை பட்டதெண்டும் கேக்கமாட்டினம். அவையின்ரை முகத்திலை படுறது அவையின்ரை கைதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கையை விலக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வருமானத்துக்கு வேறு வழி கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த வழக்கம் சரியாகிவிடாது. உங்கள் வீட்டுக் கல்யாணம் வரும்போது இதை ஒருமுறை யோசியுங்கள்.

நீங்களும் இந்தத் தொழிலில் சான்றிதழ் இல்லாமல் பல வருடம் இருப்பவரா? அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அதுவரை, அடுத்து வருகிற பிள்ளைக்கு ஒரு பக்கத்தை மட்டும் போட்டுவிட்டு, பிரஷைக் கழுவி அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.