டெராஹெர்ட்ஸ்... சரிங்க, குழாய் எங்கே?

"அம்மாயிக்கு கரண்ட் வெக்கோணும்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க."

கருமத்தம்பட்டி நால்ரோட்டில் கோவை பஸ் ஏறுகிறவர்கள் பேச்சில் இப்படி ஒரு வாக்கியம் அவ்வப்போது காதில் விழும். கரண்ட் என்றால் மின்சாரம் இல்லை, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை. எக்ஸ்ரே, மைக்ரோவேவ், செல்போன் டவர் பயம், மனநல மருத்துவமனை ஷாக் எல்லாமே அந்த ஒரு வார்த்தை மூட்டைக்குள் கிடக்கின்றன. அதே மூட்டைக்குள் கொஞ்ச வருடமாக இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. டெராஹெர்ட்ஸ். உடம்பில் காட்டினால் மூட்டு வலியில் ஆரம்பித்து சர்க்கரை வரை எல்லாம் தீரும் என்று சொல்லி, ஹேர் டிரையர் மாதிரி ஒரு கருவியைப் பல ஆயிரம் ரூபாய்க்குச் சங்கிலி முறையில் விற்கிறார்கள். வாங்குகிறவர் இன்னும் இரண்டு பேரைப் பிடித்துத் தர வேண்டும். (அது இல்லாமலா!)

இந்தக் கருவியை நம்பலாமா என்று கேட்டால் பதில் ரொம்பச் சின்னது. குழாய் எங்கே என்று கேளுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரியில் வைக்கிற 'கரண்ட்' என்ன என்று பாருங்கள். லினாக் என்கிற அந்த இயந்திரங்கள் பலவற்றில் ஒரு மேக்னட்ரான் இருக்கும். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதற்குப் பெரியண்ணன். அடுப்பில் இருப்பது ஆயிரம் வாட் பக்கம் என்றால், இது சின்னச் சின்னத் துடிப்புகளாகச் சில மெகாவாட் கொடுக்கும். அந்த மைக்ரோவேவ் ஒரு செவ்வகச் செம்புக் குழாய் வழியாகப் போகிறது. உள்ளே சுமார் 7 செ.மீ. அகலம், மூன்றரை செ.மீ. உயரம். இதற்குப் பெயர்தான் வேவ்கைடு, தமிழில் அலைவழிப்படுத்தி. குழாயின் மறுமுனையில் அந்த அலை எலக்ட்ரான்களைத் தள்ளி ஓட்டுகிறது. எலக்ட்ரான்கள் போய் உலோகத்தில் மோத, எக்ஸ்ரே வருகிறது. அந்த எக்ஸ்ரேதான் அம்மாயிக்கு. மைக்ரோவேவ் வெறும் வண்டிமாடு, நோயாளியைத் தொடுவதே இல்லை. லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் 1953ல் இப்படிச் சிகிச்சை ஆரம்பித்தார்கள். இந்தியாவில் மும்பை சமீர் நிறுவனம் (1984ல் தொடங்கிய மத்திய அரசு மைக்ரோவேவ் ஆய்வு மையம்) சொந்தமாக லினாக் செய்து காட்டியது.

மைக்ரோவேவ் நேரடியாக வேலை செய்கிற சிகிச்சைகளும் உண்டு. கல்லீரலில் சின்னக் கட்டி இருந்தால், ஊசி மாதிரி ஒரு ஆண்டெனாவை அதற்குள் குத்தி 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி அந்த இடத்தை மட்டும் வேகவைத்து விடுகிறார்கள். ஹைபர்தெர்மியா என்றால் இன்னும் மெதுவாக, 40லிருந்து 44 டிகிரி வரை கட்டியைச் சூடாக்கி, மருந்தும் கதிரும் நன்றாகப் பிடிக்கச் செய்வது. எல்லாவற்றிலும் அலை எங்கே புறப்படுகிறது, எதன் வழியாகப் போகிறது, எங்கே முடிகிறது என்பதற்கு அளவும் கணக்கும் இருக்கிறது.

இப்போது டெராஹெர்ட்ஸ். மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் நடுவில் இருப்பது, சுமாராக 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை. ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு லட்சம் கோடி அதிர்வு, அலைநீளம் 0.3 மி.மீ. துணி, காகிதம், பிளாஸ்டிக்குக்குள் சுலபமாகப் புகுந்து போகும். எக்ஸ்ரே மாதிரி அணுக்களை அயனியாக்காது. ஆனால் தண்ணீரைக் கண்டால் அவ்வளவுதான். 1 டெராஹெர்ட்ஸ் அலை தண்ணீரில் 0.1 மி.மீ. போவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு தீர்ந்து விடுகிறது.

மனித உடம்பே பெரும்பாலும் தண்ணீர். ஆக தோலின் மேற்பரப்புக்குக் கீழே இந்த அலை போகாது. முழங்கால் மூட்டுக்குள் போகிறது, கணையத்தைச் சரிசெய்கிறது என்பதெல்லாம் கதை. கருவியில் இருந்து டெராஹெர்ட்ஸ் வருகிறதே என்று வாதாடினால், வருகிறது, வாஸ்தவம்தான். சூடாக இருக்கிற எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் வரும். தோசைக்கல்லிலிருந்தும் வரும், வாங்கப் போகிறவர் உள்ளங்கையிலிருந்தும் வரும் :)

ஆனால் இதே தண்ணீர்ப் பலவீனத்தைத்தான் விஞ்ஞானிகள் பலமாக மாற்றப் பார்க்கிறார்கள். புற்றுத் திசுவிலும் நல்ல திசுவிலும் தண்ணீரின் அளவும் அமைப்பும் வேறாக இருக்கும், டெராஹெர்ட்ஸ் அந்த வித்தியாசத்தைக் காட்டும். 2001ல் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த டெராவியூ கம்பெனியை ஒட்டிய ஆய்வுகள் முதலில் தோல் புற்றையும் பிறகு மார்பகப் புற்றையும் பார்த்தன. 2006ல் 22 பெண்களின் மார்பகத் திசுக்களை வைத்து, கட்டியின் எல்லை தெரிகிறது என்று வெளியிட்டார்கள். எல்லை தெரிவது சும்மா விஷயம் இல்லை. மார்பகத்தை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையில், ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்துவிட்டால் மறுபடி கத்தி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படி ஐந்தில் ஒருவருக்கு மறு அறுவை நடந்ததாக 2012ல் ஒரு பெரிய கணக்கு வந்தது. மறு அறுவை என்றால் இன்னொரு மயக்கமருந்து, இன்னொரு ஆஸ்பத்திரி பில், தறிக்கு இன்னும் சில வாரம் லீவு. அறுவை மேஜையிலேயே டாக்டர் கையில் ஒரு டெராஹெர்ட்ஸ் கோல் இருந்து "இங்கே இன்னும் இருக்கிறது" என்று காட்டினால் எவ்வளவு மிச்சம்!

அந்தக் கோல் ஏன் இன்னும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை? பல காரணங்களில் பெரியது, குழாய்தான். லினாக்கில் 7 செ.மீ. அகலம் இருந்த அதே செவ்வகக் குழாயை 1 டெராஹெர்ட்ஸுக்குச் செய்தால் உள் அகலம் கால் மி.மீ., உயரம் அதில் பாதி. சோமனூர்ப் பக்கம் தறியில் ஓடுகிற நூல் கனத்துக்கு ஒரு ஓட்டை! அதன் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். அப்படியும் உலோகம் அலையைத் தின்னும். இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையில் அனுப்பலாம் என்றால் கண்ணாடியும் தின்னும். திறந்த காற்றில் அனுப்பினால் ஈரப்பதம் தின்னும். 1999ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கிரிஷ்கோவ்ஸ்கி குழு சின்ன உலோகக் குழாய்களில் அனுப்பிப் பார்த்தது. 2001ல் மென்டிஸும் அவரும் இரண்டு தகடுகளை இணையாக வைத்து நடுவில் அனுப்பினார்கள், துடிப்பு கலையாமல் போனது. 2004ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் வாங்கும் மிட்டில்மேனும் செய்ததுதான் அழகு. குழாயே வேண்டாம் என்று 0.9 மி.மீ. வெறும் எஃகுக் கம்பி ஒன்றை எடுத்தார்கள். அலை கம்பியைச் சுற்றி ஒட்டிக்கொண்டே போனது. எண்டோஸ்கோப் செய்து விடலாம் என்று உலகமே குதித்தது. கம்பியை வளைத்தால் அலை நழுவி வெளியே போய்விடுகிறது என்பது அடுத்த சிக்கல். மனித உடம்பில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1895ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் இந்த அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்தார். 5 மி.மீ. அலைநீளம் வரை, அதாவது 60 கிகாஹெர்ட்ஸ் வரை போனார். அலையை வழிநடத்தக் குழாயும் கொம்பு ஆண்டெனாவும் அவரே செய்தார். அலையின் தளத்தைத் திருப்ப அவர் எடுத்தது என்ன தெரியுமா? முறுக்கிய சணல்! இடமுறுக்கு ஒரு பக்கம் திருப்பும், வலமுறுக்கு எதிர்ப்பக்கம். நூல் முறுக்கில் பிழைக்கிற வட்டாரத்தில் இந்தச் சேதி பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வராதது அநியாயம். பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் செய்து மைக்ரான் கணக்கில் கடைசல் பிடிக்கத் தெரிந்த கோவைப் பட்டறைகளுக்கு, அந்தக் கால் மி.மீ. குழாய் ஒரு நல்ல ஆர்டர். ஒரு ஆய்வகக் கருவி பல பத்து லட்சம் விலை போகிறது, அதில் உலோகச் செலவு எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

அதை விட்டுவிட்டு ஊதுகுழல் வாங்கவும் விற்கவும் கிளம்பினால், கணக்கு இது. ஒருவர் இரண்டு பேர், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேர் என்று போனால் 26ஆவது படியில் மட்டும் 6.7 கோடி பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7.21 கோடிதான். 2012ல் பெருந்துறை ஈமு கோழியில் பணத்தை விட்ட ஜில்லாக்காரர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈமுவிலாவது பணம்தான் போனது. இதில் கட்டியோடு இருக்கிற ஒருவர் "கரண்ட் வேண்டாம், இதை ஆறு மாசம் காட்டிப் பார்க்கலாம்" என்று உட்கார்ந்து விட்டால் போகிற மாதங்கள் திரும்ப வராது.

சட்டம் இல்லாமல் இல்லை. புற்றுநோய், சர்க்கரை போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருட மாய மருந்துகள் சட்டமே தடுக்கிறது. ஆள் சேர்த்து ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிடு திட்டங்களை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. புகார் சொல்ல 1915 என்கிற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் விற்க வருகிறவர் பெரும்பாலும் சொந்தத்தில் ஒரு மாமாவாகவோ அத்தையாகவோ இருப்பார். அவர் மேல் யார் புகார் கொடுப்பது?