வேலைக்கு என்றால் சரி, ஆட்டம் பார்க்க என்றால் தப்பா?



நான் ஒரகடம் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு சாதாரண இல்லத்தரசி. ப்ளஸ் டூ வரை படித்தவள். என் கணவர் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எட்டாவது படிக்கும் மகளும் மூன்றாவது படிக்கும் மகனும் இருக்கிறார்கள். மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். நான் எழுத வந்தது சமையல் குறிப்போ, மாமியார் மருமகள் சண்டையோ இல்லை. கால்பந்து ஆட்டம் பார்க்கப் போன கதை. "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று நினைக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் பள்ளிக்கூட டீமில் கால்பந்து ஆடுகிறாள். சென்னையில் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டத்தை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. 2014-ல் தொடங்கி, 2015-லும் 2018-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய நம் ஊர் டீம் அது. "ஒரே ஒரு ஆட்டம்மா, அப்புறம் கேட்கவே மாட்டேன்" என்றாள். வீட்டிலிருந்து ஸ்டேடியம் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். திருப்பதிக்கே போய் வருகிறோம், இதென்ன பிரமாதம் என்று நானும் தலையாட்டி விட்டேன். அந்த ஒரு ஆட்டத்துக்கு நாங்கள் நான்கு மாதம் திட்டம் போட வேண்டியிருந்தது!

முதலில் பார்த்தது 2024 செப்டம்பர் 26, முகமதன் ஸ்போர்ட்டிங் டீமுடன் நடந்த ஆட்டம். வியாழக்கிழமை. காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுபேச்சில்லாமல் ரத்து. அடுத்தது டிசம்பர் 28, பெங்களூரு டீமுடன். சனிக்கிழமை, அரையாண்டு விடுமுறை, எல்லாம் கூடி வந்தது. இரண்டு நாள் முன்னால் அத்தைக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். படுத்த மனுஷியை விட்டுவிட்டு பந்தாட்டம் பார்க்கப் போக முடியுமா? டி.வி.யில் பார்த்தோம். நம் டீம் 2-4 என்று தோற்றது. "நாம போயிருந்தா ஜெயிச்சிருப்பாங்க" என்று மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக 2025 ஜனவரி 30, கேரளா பிளாஸ்டர்ஸ் டீமுடன். அதுவும் வியாழக்கிழமை, இரவு ஏழரை மணி ஆட்டம். என் கணவருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். வர முடியாது. இந்த முறையும் விட்டால் இந்த வருடம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவிடம் பேசினேன். அவர்களும் அவர்கள் மகளும் வருகிறேன் என்றார்கள். ஆக, இரண்டு தாய், இரண்டு பெண்.

வீட்டில் சொன்னேன். அத்தை சொன்னது இதுதான்: "பந்து வெளையாடறத பாக்க ராத்திரியில பொம்பளைங்க போவாங்களா? ஊர்ல நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் காலத்தில் பெண்கள் ராத்திரி வெளியே போவதென்றால் திருவிழா, கூத்து, சாவு வீடு, அவ்வளவுதான். என் கணவரும் உடனே சரி என்று சொல்லவில்லை. "திரும்பி எப்படி வருவீங்க?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. அதனால் நான் கோபப்படாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

போவது சுலபம். ஒரகடத்தில் பஸ் ஏறி, படப்பை வழியாகத் தாம்பரம். சாதாக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் நமக்கு டிக்கெட் இல்லை. 2021-ல் வந்த அந்தச் சலுகையால் எத்தனையோ பெண்கள் வாசலைத் தாண்டியிருக்கிறோம். தாம்பரத்தில் மின்சார ரயில், ஆளுக்குப் பத்து ரூபாய். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் ரோட்டைக் கடந்து, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தால் ஸ்டேடியம்.

திரும்புவதுதான் கணக்கு. ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை. கூட்டத்தோடு வெளியே வந்து ஸ்டேஷன் சேர பத்து ஆகிவிடும். தாம்பரம் வந்து இறங்கும்போது பதினொன்று. அந்த நேரத்தில் ஒரகடத்துக்கு பஸ்ஸை நம்பி இரண்டு பெண் பிள்ளைகளோடு நிற்க முடியாது. ஆட்டோக்காரர் கேட்கும் பணத்துக்கு ஒரு வாரம் காய்கறி வாங்கலாம். ஆகவே பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும். அதற்கு ஒன்பதரை ரயில். அதற்கு ஒன்பது பத்துக்கே எழுந்து கிளம்ப வேண்டும். அதாவது, கடைசிப் பத்து நிமிட ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அன்று காலையிலேயே இரவுச் சாப்பாடு வரைக்கும் செய்து வைத்தேன். அத்தைக்கு மாத்திரை எடுத்து வைத்து, சின்னவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிவிட்டு, மகள் பள்ளிவிட்டு வந்ததும் கிளம்பினோம். உள்ளே சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் விடமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதால், புளிசாதத்தை ரயிலிலேயே சாப்பிட்டு முடித்தோம். நானும் அக்காவும் மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். ஏன் என்று பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே போய் அந்தப் பச்சைப் புல்வெளியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் என் மகள் வாயைத் திறக்கவில்லை. ஓயாமல் பேசுகிறவள் அவள். டி.வி.யில் பந்து மட்டும்தான் தெரியும். நேரில் பார்த்தால் பந்து இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் எப்படி ஓடுகிறார்கள் என்பது தெரிகிறது. "அம்மா, எங்க சார் இதைத்தாம்மா தினமும் கத்துவாரு" என்றாள். இதை எந்த டி.வி.யும் சொல்லித் தராது. நம் நீலச் சட்டைக்காரர்களுக்குச் சமமாக மஞ்சள் சட்டை போட்ட கேரளத்துக்காரர்கள் பாட்டும் மேளமுமாக வந்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பெண்களும் இருந்தார்கள். யாரும் எங்களை ஒரு மாதிரி பார்க்கவில்லை.

ஆட்டம் என்னவோ நமக்குச் சரியில்லை. மூன்றாவது நிமிடத்திலேயே கேரளா கோல் போட்டது. முதல் பாதியிலேயே நம் ஆள் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அப்புறம் இரண்டாவது கோல், இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது. 0-3. ஒன்பது பத்து ஆயிற்று. எழுந்தோம். மகள் சத்தியத்தை மீறவில்லை. ஆனால் படியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரிப்பன் மாளிகைப் பக்கம் வரும்போது பின்னால் ஒரு பெரிய ஆரவாரம். மகள் நின்றுவிட்டாள். போனைப் பார்த்தால், நம் டீம் ஒரு கோல் போட்டிருக்கிறது! ஆட்டம் முடியும் நேரத்தில், நம் டீம் போட்ட ஒரே கோல். நான்கு மாதம் திட்டம் போட்டு, அறுபது கிலோமீட்டர் வந்து, அதை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. மகள் அழவில்லை. "பரவாயில்லம்மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. இந்த வயதிலேயே, நம்மைப் போலவே, பாதியில் எழுந்து வரப் பழகிக்கொண்டாளே என்றுதான் மனது கேட்கவில்லை.

பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ஒரகடம் நெருங்க நெருங்க எதிரிலும் பக்கத்திலும் கம்பெனி பஸ்கள். உள்ளே தலை சாய்த்துத் தூங்கும் பெண் பிள்ளைகள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் இரண்டு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவள்தான். பதினெட்டு வயதில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ரோட்டு முனையில் இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறேன். ஊர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "பொண்ணு சம்பாதிக்குது" என்று பெருமையாகத்தான் பேசினார்கள். இதே ரோடு, இதே இருட்டு, இதே நான். சம்பளத்துக்குப் போனால் சரி. சந்தோஷத்துக்குப் போனால் மட்டும் "பொம்பளைங்க போவாங்களா?"

இன்னொன்றும் சொல்லட்டுமா? நாங்கள் வீடு வந்து சேர்ந்த கால் மணி நேரத்தில் என் கணவரும் ஷிப்ட் முடிந்து வந்தார். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேள்வி கேட்டது என்னை மட்டும்தான்!

ஈரான் நாட்டில் ஏறக்குறைய நாற்பது வருடம் ஆண்கள் ஆடும் கால்பந்தைப் பெண்கள் ஸ்டேடியத்தில் பார்க்கத் தடை இருந்தது. 2019-ல் சகர் என்ற 29 வயதுப் பெண், ஆண் வேடத்தில் ஆட்டம் பார்க்கப் போய்ப் பிடிபட்டு, சிறைக்குப் பயந்து உயிரையே விட்டாள். உலகமே கண்டித்த பிறகு, அந்த வருடம் அக்டோபர் 10-ந் தேதி, கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு டெஹ்ரானில் பெண்களுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். நமக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் சட்டம் தடுக்காத இடத்தில் பஸ் நேரமும் ஊர் வாயும் தடுக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நம் தமிழ்ப் பெண்கள் இந்த ஆட்டத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 2018-லும் 2023-லும் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு வாங்கியது. மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. கடலூர் இந்துமதி, பண்ருட்டி சந்தியா எல்லாம் இந்தியாவுக்காக ஆடியவர்கள். பெண்கள் ஆடலாம், ஆனால் பெண்கள் பார்க்கப் போகக் கூடாதா? தாய் போகாத இடத்துக்கு மகள் எப்படிப் போவாள்?

"டி.வி.யில் பார்த்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். சுவாமியைக்கூட டி.வி.யில் காட்டுகிறார்கள். அதற்காக நாம் வல்லக்கோட்டைக்குப் போகாமலா இருக்கிறோம்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நடத்துகிறவர்கள் சனி, ஞாயிறு ஆட்டங்களில் சிலவற்றையாவது மாலை ஐந்து மணிக்கு வைக்கட்டும். குடும்பத்தோடு கூட்டம் தானாக வரும். ஆட்ட நாட்களில் தாம்பரத்திலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் எங்கள் பக்கத்துக்கு இரவு பதினொன்றரைக்கு ஒரு பஸ் விட்டால் புண்ணியமாகப் போகும். கம்பெனிகள் வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர் குடும்பங்களைத் தங்கள் பஸ்ஸிலேயே ஒரு ஆட்டத்துக்கு அழைத்துப் போகலாம். வேலைக்கு ஆள் ஏற்ற ராத்திரி ஓடும் பஸ், ஒரு நாள் சந்தோஷத்துக்கும் ஓடட்டுமே.

சகோதரிகளே, நாமும் சும்மா இருக்கக் கூடாது. நாலு பேராகச் சேருங்கள். போகும் வழியை விடத் திரும்பும் வழியை முதலில் எழுதிப் பாருங்கள். வீட்டில் "போகட்டுமா?" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதியில் போகிறோம், இத்தனை மணிக்கு வருகிறோம்" என்று சொல்லுங்கள். கணக்கு சரியாக இருந்தால் பாதி எதிர்ப்பு தானாக அடங்கும். என் வீட்டில் அடங்கியது.

அன்று ராத்திரி நாங்கள் வந்தபோது அத்தை தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். "யாரு ஜெயிச்சது?" என்றார்.

"நாமதான் தோத்துட்டோம் அத்தை."

"தோக்கறத பாக்கவா இவ்ளோ தூரம் போனீங்க?" என்று சிரித்துவிட்டு, "அடுத்த வாட்டி முழுசா பாத்துட்டு வாங்க. சின்னவனை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வார்த்தை போதும் எனக்கு. அடுத்த ஆட்டத்துக்கு நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துவிட்டேன். கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து பார்க்க வழி இருக்கிறதா என்றுதான் இந்த முறை கணக்குப் போடுகிறேன். உங்கள் ஊரில் எப்படி? யாராவது போனீர்களா? எழுதுங்கள்.

— ஒரு வாசகி, ஒரகடம்