பாதத்தின் வளைவும் ஓட்டக் காலணியும்

ஈரமான பாதத்தைச் சிமெண்டுத் தரையிலோ பழுப்புக் காகிதத்திலோ பதித்து, அத்தடத்தைப் பார்த்து ஓட்டக் காலணி தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. பாதம் முழுவதும் பதிந்தால் அது தட்டைப் பாதம். குதியும் முன்பாதமும் பதிந்து இடையில் மெல்லிய கீற்று மட்டும் தெரிந்தால் வளைவு உயர்ந்த பாதம். இரண்டுக்கும் இடைப்பட்டது சாதாரணப் பாதம். தட்டைப் பாதத்தினருக்குப் பாதம் உட்புறம் சாய்வதைத் தடுக்கும் விறைப்பான காலணி, வளைவு உயர்ந்தவர்களுக்கு மெத்தென்ற காலணி, ஏனையோருக்கு நடுத்தரமானது என்பது இம்முறையின் விதி. உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலரும் இதை நம்பிக்கையுடன் கையாளுகின்றனர். கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றும் இவ்விதி, சோதனைக்கு உட்படுத்தப்பட்டபோது நிலைக்கவில்லை.

அச்சோதனை சிறியதன்று. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தோர் இதற்கு உட்பட்டனர். ஒரே உணவு, ஒரே பயிற்சி, ஒரே நேர அட்டவணை. ஆராய்ச்சியாளருக்கு இதனினும் வாய்ப்பான கூட்டம் கிடைப்பது அரிது. ஒரு பகுதியினருக்கு உள்ளங்கால் தடத்தின்படி மூவகைக் காலணிகள் பிரித்து வழங்கப்பட்டன. மற்றப் பகுதியினருக்குத் தடம் எப்படியிருப்பினும் நடுத்தரக் காலணியே கொடுக்கப்பட்டது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் மூன்றும் ஒன்றையே கூறின: காயமடைந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றையும் சேர்த்தால் பங்கேற்றோர் 7,000 பேருக்கு மேல். இதற்கு முன்னரே, 1993-இல் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியாளரிடையே நடந்த ஆய்வில், மிகத் தட்டையான பாதமுடையோரே குறைவாகக் காயமுற்றனர். வளைவு உயர்ந்தவர்களே அதிகம் அவதியுற்றனர்.

காரணம் ஊகிக்கக்கூடியதே. ஈரத்தடம், அசையாமல் நிற்கும் பாதத்தின் படம். ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தின் மேல் விழுகிறது. அப்பொழுது பாத வளைவு வில்லைப் போல் தாழ்ந்து மீண்டும் எழும்புகிறது. பாதம் உட்புறம் சற்றுச் சாய்வதும் அவ்வதிர்ச்சியைத் தாங்கும் வழிகளுள் ஒன்று. அதை நோயெனக் கருதுவது பொருந்தாது. பழைய காலணியில் குதியின் வெளிப்புறம் தேய்ந்திருப்பதைக் கண்டு நடையில் குறை என்று சொல்வோரும் உளர். குதி ஊன்றி ஓடுவோரிற் பெரும்பாலோர்க்கு முதலில் தரையைத் தொடுவது அவ்விடமே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மறுபக்கச் சான்றையும் மறைப்பதற்கில்லை. லக்ஸம்பர்க்கில் 372 ஓட்டக்காரர்களை ஆறு மாதங்கள் கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உட்சாய்வு மிக்க பாதமுடையோர்க்கு விறைப்பான காலணி பயன்பட்டதாகத் தெரிந்தது. ஆனால் அங்கே பாதத்தின் நிலை பயிற்சி பெற்றவர்களால் பல கோணங்களில் மதிப்பிடப்பட்டது. ஈரத்தடம் பார்த்து முடிவு கட்டப்படவில்லை. டென்மார்க்கில் சாதாரணக் காலணியுடன் ஓடத் தொடங்கிய 927 பேரை ஓராண்டு கவனித்தபோது, உட்சாய்வுடையோர் அதிகம் காயமுற்றதாகக் காணவில்லை. இவற்றைச் சீர்தூக்கினால், தொடர்ந்து வலியுள்ள ஒருவருக்கு மருத்துவர் தனிக்காலணி பரிந்துரைப்பது ஒரு விஷயம். ஒரு வகுப்பு முழுவதையும் மூன்று வரிசையாகப் பிரிப்பது முற்றிலும் வேறு விஷயம்.

இவ்வாறு பிரிப்பதால் விளையும் தீங்கு காசுச் செலவோடு நிற்பதில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு விதிகளில் தட்டைப் பாதம் ஒரு குறையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அதனால் பத்து வயதுச் சிறுவனின் தடத்தைப் பார்த்து, "உனக்கு இது ஆகாது" என்று ஆசிரியர் சொல்லிவிடும் சொல் அவன் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. அவ்விதியைப் பொருத்திப் பார்ப்பது உரிய வயதில் மருத்துவக் குழுவின் பொறுப்பு. இளங்குழந்தைகளின் பாதம் தட்டையாகவே இருக்கும். வளைவு பின்னர் உருவாகிறது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தோன்றுமாயின், வலியும் இல்லையாயின், கவலைக்கு இடமில்லை. விறைத்த, வலியுள்ள பாதத்தையே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்திய மருத்துவர்களான ராவும் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. காலணி அணிந்தோரில் 8.6 சதவீதத்தினருக்கும், வெறுங்காலினரில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை மூடும் காலணியினரிடையே அது மிகுதி. இதைக்கொண்டு, காலணியையே எறிந்துவிட்டு ஓடலாம் என்று துணிவதும் தவறு. காலணிக்குப் பழகிய கால் திடீரென வெறுங்காலுக்கு மாறினால் கெண்டைத் தசையும் முன்பாத எலும்புகளும் வருந்தும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அகலத்தைப் பார்க்க வேண்டும். நம் கடைகளில் வழங்கும் அளவு எண்கள் அந்நியப் பாதங்களுக்காக ஏற்பட்டவை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று அவ்வளவீடு காட்டிற்று. அதைக்கொண்டு 'பா' என்னும் புதிய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாமையால் நம்மவர் நீளம் கூடிய எண்ணை வாங்குகின்றனர். பின்னர் குதி நழுவுகிறது, நாடாவை இறுக்குகின்றனர், புறங்கால் நோகிறது. தட்டைப் பாதத்தின் மேல் சுமத்தப்படும் பழிகளில் சில உண்மையில் இந்த எண்ணைச் சேர்ந்தவை.

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் காலுறையுடன் காலணியைப் போட்டுப் பார்ப்பது நல்லது. உள்ளே கிடக்கும் அட்டையை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நின்றால், பாதம் ஓரங்களில் பிதுங்குகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். அந்நீண்ட விரல் கட்டைவிரலாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. இரண்டு கால்களில் பெரியதற்கே அளவு. கடையில் உறுத்துவது பழகினால் சரியாகும் என்ற பேச்சுக்குச் செவிசாய்க்க வேண்டா. சௌகரியமே தேர்வின் முதல் அளவுகோலாகலாம் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

காலணியைவிடக் காயத்துக்கு நெருங்கிய காரணம் பயிற்சியின் அவசரம். ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களில் ஓட வேண்டும். இந்திய வனப்பணிக்கு வருவோரில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நான்கு மணி நேரத்தில் நடக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் சில வாரங்களில் இதற்குத் தயாராக முயல்வோரின் முன்னங்கால் எலும்பு வலியும் மயிரிழை முறிவும் எவ்வளவு விலையுயர்ந்த காலணியாலும் தடுக்கப்படுவதில்லை. பல ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிக் காலணி வாங்கும் குடும்பத்துக்கு, மூன்று மாதம் முன்னதாகப் பயிற்சியைத் தொடங்கச் சொல்வதே உபகாரம். புதுக் காலணியைத் தேர்வு நாளன்று முதன்முதலாக அணிவதும் கூடாது.

மாணவர்க்கும் களப்பணியாளர்க்கும் மொத்தமாகக் காலணி வாங்கும் நிறுவனங்கள் நீள எண்ணை மட்டும் கேட்டு வாங்குவதை விடுத்து, இரு பாதங்களையும் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அகலத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு வகுப்புக்குச் சித்திரப் பாடவேளை ஒன்று இதற்குப் போதும்.