மருமகளைக் கேட்டீர்களா?

டிமென்ஷியா என்னும் மறதிநோய்க்குப் பகல்நேர மையம் கேட்பது பட்டணத்து மோஸ்தராம்; ஆந்திர எல்லையிலுள்ள தடா மாதிரி ஊரில் குடும்பமே போதுமாம். நண்பர் ஒருவரின் வாதம் இது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. அதுவும் நகரத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகம்.

குடும்பம் என்று யாரைச் சொல்கிறார்? மகன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நைட் ஷிப்டு. நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறந்து, லாரிகள் பறக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் நடந்துவிடும் மாமனாரைத் தேடி ஓடுபவள் மருமகள். அவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, நண்பர் உட்பட.

14567 முதியோர் உதவி எண் இருக்கிறது, சரி. போன் பெரியவரைக் குளிப்பாட்டாது. 2022இல் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாற்றப்பட்ட இந்த எல்லையூருக்கு, பகலில் நாலு மணி நேரம் அவரை நம்பி விட்டுவர ஓர் இடம் கேட்கிறோம். இதிலென்ன பாசக்குறைவு?