ஜீனோவுக்குச் சம்பளம் உண்டா?

கோயமுத்தூரில் டீக்கடையைத் தேடினால் டீ கிடைக்காது. 'பேக்கரி' என்று போர்டு போட்டிருக்கும் இடத்தில் நுழைய வேண்டும். பன், பஃப்ஸ் எல்லாம் கண்ணாடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். வியாபாரம் என்னவோ டீயும் அரட்டையும்தான்.

பீளமேட்டில் எங்கள் ஜமா அப்படி ஒரு பேக்கரியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும். பர்ச்சேஸ்காரர், கணக்குப்பிள்ளை, புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் பையன், அப்புறம் அடியேன். போன வாரம் பர்ச்சேஸ்காரர் கக்கத்தில் ஒரு பழைய பைண்டிங்கோடு வந்தார். பரண் சுத்தம் பண்ணும்போது கிடைத்ததாம். அவர் அப்பா 1980-களில் 'ஆனந்த விகடன்' இதழ்களிலிருந்து வாராவாரம் கிழித்துத் தைத்த தொடர்கதை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'!

"டேய், இது டி.வி-ல வந்துச்சே!" என்று கணக்குப்பிள்ளை துள்ளினார். தூர்தர்ஷனில் அது தொடராக வந்த காலத்தில் அவர் அரை டிராயர். கொடைக்கானல் பக்கமாக ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடியில் அண்ணன், "தெரியுதா... தெரியுதா?" என்று கத்த, கீழே இவர், "ஜீனோ வந்துட்டான், அப்படியே நில்லு!" என்று கத்துவாராம். பாவம் அண்ணன், கடைசி வரை ஒரு எபிசோடும் பார்க்கவில்லை.

கதை தெரியாத கம்ப்யூட்டர் பையனுக்காகச் சுருக்கம்: 2020-களின் தொடக்கத்தில் இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். யாருக்கும் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். கணவன் சிபி காணாமல் போக, நிலா என்ற பெண் தவிக்கிறாள். அவளுக்குத் துணை ஜீனோ என்கிற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், நக்கலும் அடிக்கும்.

"லாஜிக் இடிக்குதுங்ணா" என்றான் பையன் உடனே. ஜெர்மன்காரர்கள் எடுத்த 'டார்க்' தொடரை மூன்று சீசனும் வம்சாவளிப் படம் போட்டுப் பார்த்தவன். விடுவானா? பில்லைத் திருப்பிக் கணக்குப் போட்டான். "தமிழ் எழுத்து 247. ரெண்டெழுத்துப் பேருன்னா 247 பெருக்கல் 247. மொத்தமே 61,009 பேரு. நம்ம மாநகராட்சியிலயே 2011 சென்சஸ்ல பத்து லட்சத்துக்கு மேல. மீதிப் பேருக்கு என்னங்ணா பண்ணுவாரு ஜீவா?"

"அதுலயும் 'ஙௌழூ'ன்னு எவன் புள்ளைக்குப் பேரு வெப்பான்?" என்றார் பர்ச்சேஸ்காரர்.

நான் என் பங்குக்கு, "ஜீங்கிற எழுத்தே அந்த 247-ல கிடையாதப்பா. கிரந்தம். நாட்டை ஆள்றவர் பேரே கணக்குல வரலை!" என்றேன்.

கணக்குப்பிள்ளை பொறுக்க மாட்டாமல், "பேரு கெடக்குது. நம்பர் இருக்குமில்ல? ஆதார்ல உன்னைப் பேரு சொல்லியா கூப்பிடறான்?" என்றார். பையன் கப்சிப்.

அடுத்த ஓட்டை: ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது, வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்று கடைசியில் தெரியவருகிறது. ஒருத்தனுக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை?

"நீ எந்தத் தலைவரைத் தொட்டுப் பாத்திருக்கே?" என்றார் பர்ச்சேஸ்காரர். "வ.உ.சி. மைதானத்துல கொசு சைசுக்குத்தான தெரிவாங்க?" நியாயம்தான். 2012 குஜராத் தேர்தலில் மோடி முப்பரிமாண பிம்பமாக ஒரே நேரத்தில் பல ஊர்களில் பேசினார். 2024-ல் மறைந்த தலைவர்களே செயற்கை நுண்ணறிவு புண்ணியத்தில் திரையில் வந்து பேசினார்கள். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினீயர். எது முடியும், எது முடியாது என்று தெரிந்துதான் புளுகியிருக்கிறார்!

மூன்றாவது விஷயத்தில்தான் சண்டை வந்தது. ஜீனோ தன் எஜமானன் ரவியை மீறி நிலா பக்கம் நிற்கிறதே, இயந்திரம் அப்படிச் செய்யலாமா?

"தாராளமாச் செய்யலாம்" என்றான் பையன். "அசிமோவ் 1942-லயே மூணு விதி எழுதிட்டாரு. மனுசனுக்குத் தீங்கு வரக்கூடாதுங்கிறது முதல் விதி. சொன்னபடி கேக்கணும்கிறது ரெண்டாவதுதான். நிலாவுக்கு ஆபத்துன்னா ஜீனோ எஜமானன் பேச்சைக் கேக்க வேண்டியதில்லை."

"விதியா இருந்தா என்ன? அதுக்குப் பாசம் இருந்துச்சுப்பா" என்றார் பர்ச்சேஸ்காரர். "ஜப்பான்ல ஐபோன்னு ரோபோ நாய். 1999-ல வந்துச்சு, 2006-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. 2014-ல ரிப்பேரும் கெடையாதுன்னதும், ஓடாத நாய்ங்களுக்குக் கோயில்ல வரிசையா வெச்சு மந்திரம் ஓதி ஈமக்கிரியையே பண்ணினாங்க. தெரியுமா?"

"நிறுத்துங்கய்யா!"

போட்ட சத்தத்தில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த காலேஜ் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளையா இது? ஏழு ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து லெட்ஜரைத் துழாவும் சாது மனுஷன்!

"பாசமாவது மண்ணாவது. அது வயரு. அதுக்குக் கோயில்ல மந்திரம் ஓதறாங்களாம். எங்க செக்ஷன்ல அஞ்சு சேர் இருந்துச்சு. இப்ப ரெண்டு. புதுசா சாஃப்ட்வேர் வாங்கியிருக்காங்க. பில்லை அதுவே படிக்குது, அதுவே ஜி.எஸ்.டி-யோட ஒத்துப் பாக்குது. எனக்கு என்ன வேலை தெரியுமா? அது பண்ற தப்பைத் திருத்தறது. திருத்தத் திருத்த அது கத்துக்குது. இருவத்திரண்டு வருசமா நான் கத்துக்கிட்டதை மூணு மாசத்துல அதுக்கு ஊட்டிவிட்டுட்டு இருக்கேன். அது முழுசாக் கத்துக்கிட்டா எனக்கு யாரு மந்திரம் ஓதுவா?"

யாரும் பேசவில்லை. அவர் மகள் பிளஸ் டூ. கணபதியில் கட்டின வீட்டுக்கு இன்னும் எட்டு வருஷம் கடன் இருக்கிறது. டீ ஆறிப் போய் ஆடை கட்டியது.

மூலை டேபிளில் ஒரு பெரியவர். தினமும் பார்க்கிற முகம்தான், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தெரியும். மெதுவாகத் திரும்பினார்.

"கண்ணு, தப்பா நெனைக்காதீங்க. காதுல விழுந்துச்சு. நான் கோன் வைண்டிங்ல இருந்தவனுங்க. ஆட்டோகோனர் வந்தப்ப எங்களுக்கும் இதே வெசனந்தான். மெசினைத் திட்டுனவனும் இருந்தான். ஆயுத பூசைக்கு அதுக்கே சந்தனம், பொட்டு வெச்சவனும் இருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வெளிய போனாங்க. 'எங்களை என்ன பண்றதா ரோசனை?'ன்னு முன்னாடியே போய்க் கேட்டவங்களுக்கு மெயின்டனன்ஸோ, ஸ்டோரோ ஏதோ ஒண்ணு கெடச்சுது. கேக்காம இருந்தவங்களுக்குக் கவர்தான் கெடச்சுது."

பைண்டிங்கைச் சுட்டிக் காட்டினார். "உங்க கதைல அந்த ஜீவா பொம்மைதானுங்களே? அதை ஆட்டுன ஆளுக பின்னால இருந்தாங்கல்ல? நாயிகூட எதுக்குங்க சண்டை? ஆட்டுற ஆளைப் போய்ப் பாருங்க."

எங்கள் மூன்று பேர் லாஜிக்கும் பெரியவர் காலடியில் கிடந்தது.

திங்கட்கிழமை கணக்குப்பிள்ளை மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். சண்டை போடவில்லை. மூன்றே கேள்வி. இது முடிந்ததும் எனக்கு என்ன வேலை? அதை எழுத்தில் தருவீர்களா? அந்த வேலைக்கு என்னைத் தயார் செய்வீர்களா?

"என்ன சொன்னாரு?" என்றோம், இந்த வெள்ளிக்கிழமை.

"எழுதித் தர்றேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. ஆடிட் பக்கம் ஆள் வேணும், ரெண்டு வாரம் டைம் குடுங்கன்னாரு. ஆனா ஒண்ணு, இருவத்திரண்டு வருசத்துல முதல் தடவையா உக்காரச் சொன்னாருங்ணா."

சொல்லிவிட்டுப் பர்ச்சேஸ்காரரிடம் அந்த பைண்டிங்கைக் கடன் கேட்டார். மகள் படிக்கணுமாம். "நாயி மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லப்பா" என்று அசடு வழிந்தார்.

அன்றைக்கு டீச் செலவு அவருடையது. போனில் தட்டியதும் கல்லாப்பெட்டி பக்கத்திலிருந்த குட்டி டப்பா, எண்பது ரூபாய் வந்துவிட்டதாகக் கணீரென்று ஊருக்கே அறிவித்தது. கணக்குப்பிள்ளை அதையே முறைத்தார்.

"ஏனுங்ணா, நாள் பூராக் கத்துதே, இதுக்கெல்லாம் சம்பளம் கெடையாதுல்ல?"

கடைக்காரர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"யாருங்க சொன்னது? மாசமானா டாண்ணு அதுக்கு வாடகை புடிச்சுக்கறாங்க. எனக்குத்தானுங்க சம்பளமே இல்லை!"