எஞ்சினுக்கும் மூச்சு உண்டு!

மதுரையிலிருந்து நெல்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலை கயத்தாறு வழியே போகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவனுக்கு அச்சாலைதான் வயல். காருக்குக் கடன், கடனுக்கு வட்டி. மழை என்பதற்காகத் தவணை நிற்குமா?

2023 டிசம்பர் 17, 18 நாட்களை மறக்க முடியுமா? இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை மீறிற்று. தெருக்களில் வண்டிகள் மூழ்கின.

எஞ்சின் காற்றை உறிஞ்சி வாழ்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியுமா? உறிஞ்சுகுழலில் வெள்ளம் புகுந்தால் பிஸ்டன் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். குளிர்காற்று கிடைத்தால் வேகம் கூடும் என்று குழல்வாயைப் பம்பரின் அடிக்கு இறக்குவோர் உண்டு. கூடும் வேகம் கொஞ்சம். வெள்ளத்தில் போவதோ எஞ்சின்!

ஓட்டுநர் தோழர்களே! குழல்வாயின் உயரத்தை அளந்து வையுங்கள். அந்த உயரத்தை நெருங்கும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்; கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆனால் பொறுப்பு ஓட்டுநருக்கு மட்டுமா? எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த சேதத்தைச் சாதாரண பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. தனிப் பிரீமியம் கட்டச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை காணும் நாட்டில் இது நியாயமா?

குழல்வாயின் உயரத்தைக் கார்க் கம்பெனிகள் வண்டியிலேயே பொறிக்கட்டும். தரைப்பாலந்தோறும் ஆழம் காட்டும் அளவுகல்லை அரசு நடட்டும். எஞ்சினையும் சேர்த்தே இன்ஷூரன்ஸ் காக்கட்டும். அடுத்த ஐப்பசி வருமுன் இவை நடந்தாக வேண்டும்!