ஒரே அலமாரியில் ஸ்கடரும் நாவலரும்

ஆரணியின் கதையைக் கேட்டால், 1751இல் கிளைவ் இங்கே வென்ற சண்டையைச் சொல்வார்கள், ஜாகீரைச் சொல்வார்கள், பட்டைச் சொல்வார்கள். ஹென்றி மார்ட்டின் ஸ்கடரை யாரும் சொல்வதில்லை. குழித்தறியிலேயே காலம் கழித்த எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்தவர் அவர். அமெரிக்க மருத்துவப் போதகரின் மூத்த பிள்ளை. அமெரிக்காவில் படித்து, தாமும் போதகராகித் திரும்பியவர், தம்பிகள் இருவரோடு 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தார். அதன் முதல் நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடருக்குப் பெரியப்பா. எப்போதாவது ஹென்றியின் பெயர் வந்தாலும், இந்த உறவைச் சொல்லியே அவர் கதையை முடித்துவிடுகிறோம்.

மிஷன் என்றாலே பள்ளிக்கூடம்தான் நமக்கு நினைவு வரும். இவர்களோ தொடக்கத்தில் ஆங்கிலப் பள்ளியே வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். தெருவிலும் சந்தையிலும் நின்று தமிழில் பேசுவதுதான் முதல் வேலை. அதற்கென்றே ஸ்கடர் தமிழில் ஒரு கையேடு எழுதினார். தம்பி ஜேரட் அதை 1869இல் 'பஜார் புக்' என்று ஆங்கிலமாக்கினார். நம் சாஸ்திரங்களை, நம் பாட்டுகளை எடுத்து வைத்தே நம் வழிபாட்டை எதிர்த்து வாதாடுகிற புத்தகம் அது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? வருகிறது. ஆனாலும், எங்கள் ஊர் மாதிரி ஊர்களின் கடைத்தெருவில் ஆட்களை நிறுத்திப் பேச வைக்க எழுதிய உரைநடை அல்லவா? அதைத் தொலைத்துவிட எனக்கு மனமில்லை.

1864இல் ஸ்கடர் அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோவில் ஹோவர்டு பிரெஸ்பிட்டேரியன் சபைக்கு ஆயராக இருந்தார். பிறகு புரூக்ளின், சிகாகோ. 60 வயதைக் கடந்த பிறகு ஜப்பானுக்கும் ஊழியத்துக்குப் போனார். 1895இல் காலமானார்.

ஸ்கடர் பிறந்த அதே 1822இல், அதே யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். ஸ்கடர் இங்கே பிரசங்கம் செய்துகொண்டிருந்த 1854இல், பாதிரிமார்களுக்கு மறுப்பாக நாவலரின் 'சைவ தூஷண பரிகாரம்' வெளிவந்தது. ஒரு தரப்பை மட்டும் படித்தால் அந்தக் காலத்து வாதம் நமக்கு விளங்காது.

மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் நான் கேட்பது இதுதான்: ஸ்கடரின் தமிழ் மூலத்தைத் தேடியெடுத்து மறுபதிப்பு போடுங்கள். ஆரணி நூலகத்தில் அதை நாவலர் புத்தகத்தோடு ஒரே அலமாரியில் வையுங்கள். பிள்ளைகள் இரண்டையும் எடுத்துப் படிக்கட்டும்.